ஏறாத தோட்டா: புதிய 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றுடன் 600 தோட்டாக்கள்

இலக்குப் பயிற்சிக்காக இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய ஒரு புதிய அரைத் தானியங்கி பிஸ்டலைப் பற்றிய மதிப்புரை இது. உற்பத்தியாளரின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. என் கைக்கு வந்த ஒரே ஒரு துப்பாக்கியை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுவது நியாயமாகாது. மேலும், நான் சந்தித்த கோளாறு எந்த நிறுவனத்தின் பிஸ்டலிலும் வரக்கூடியது; அதைக் கண்டுபிடித்த வழிதான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பிஸ்டல் இதுதான்: பாலிமர் சட்டம், சுடும்போது அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் எஃகு ஸ்லைடு, ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள குழல், வெளியே சுத்தியல் தெரியாத ஸ்டிரைக்கர் அமைப்பு, தலா 15 தோட்டாக்கள் கொள்ளும் இரண்டு எஃகு மேகசின்கள். பிடி என் கைக்கு நன்றாகப் பொருந்தியது. விசை சற்றுக் கனமாக இருந்தாலும் சீராக இயங்குகிறது, குறிபார்க்கும் முனைகள் தெளிவாகத் தெரிகின்றன. 15 மீட்டரில் நான் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாகவே குண்டுகள் விழுந்தன. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம், முதல் நாள் சுட்ட 100 தோட்டாக்களில் ஒன்பது முறை அந்தப் பிஸ்டல் தோட்டாவை முழுமையாக ஏற்றாமல் நின்றதைப் பற்றித்தான்.

புதுத் துப்பாக்கி ஒன்பது முறை நின்றால் யாருக்கும் மனம் நொந்துபோகும். முதல் மூன்று முறை நானும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டு அடுத்த தோட்டாவுக்குப் போய்விட்டேன். அது தவறு என்பது நான்காவது முறையில்தான் உறைத்தது, ஏனென்றால் இழுத்துவிட்ட அந்தக் கணத்திலேயே கோளாறின் சாட்சியமும் தரையில் விழுந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் குழலை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, அசையாமல் நின்று பார்த்து, நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன்: எந்த மேகசின், அதில் எத்தனை தோட்டாக்கள் மீதமிருந்தன, ஸ்லைடு எந்த இடத்தில் நின்றது, தோட்டாவின் மூக்கு எங்கே முட்டியிருந்தது. மேகசின்களின் அடித்தகட்டில் முதலிலேயே 1, 2 என்று எண்ணிட்டு வைத்திருந்தது நல்லதாயிற்று. முதல் மூன்று தடைகளையும் அதனால்தான் ஞாபகத்திலிருந்து எழுத முடிந்தது. இந்தக் குறிப்புகள் இல்லாமல் போயிருந்தால், நல்ல பிஸ்டல் ஒன்றைக் கெட்டது என்று எழுதியிருப்பேன்.

தோட்டா ஏறுவது எப்படி என்பதை ஒரு முறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்துவிட்டால் அந்த நான்கு குறிப்புகளின் பொருள் விளங்கும். சுட்டதும் ஸ்லைடு பின்னே போகிறது. போகும் வழியில் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைச் சேம்பரிலிருந்து, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையிலிருந்து, இழுத்து வருகிறது, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. அந்த இடைவெளியில் மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளி, மேகசின் வாயின் இரண்டு உதடுகளுக்கும் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறது. பின்னே போன ஸ்லைடை ரீகாயில் ஸ்பிரிங் முன்னுக்குத் தள்ள, ஸ்லைடின் முகப்பு அந்தத் தோட்டாவின் பின்விளிம்பைப் பிடித்துத் தள்ளுகிறது. தோட்டாவின் மூக்கு ஃபீட் ரேம்ப் எனப்படும் சரிவில் வழுக்கி ஏறிச் சேம்பருக்குள் நுழைய, பின்விளிம்பு எக்ஸ்ட்ராக்டரின் அடியில் கீழிருந்து மேலாகச் சறுக்கிப் போய் உட்காருகிறது. இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது. மேகசின், தோட்டா, ஸ்பிரிங்குகள், சரிவு, கொக்கி, இவை அனைத்தையும் தாங்கிப் பிடிக்கும் கை, இவற்றில் ஏதேனும் ஒன்று பிசகினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: பாதி வழியில் நிற்கும் ஸ்லைடு.

இந்தப் பிஸ்டல் சுடும் 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டா, துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜார்ஜ் லூகர் 1902 வாக்கில் உருவாக்கியது. அதன் கூடு அடியிலிருந்து வாய் நோக்கி மெல்லக் குறுகுவதால், சேம்பருக்குள் நுழைவதற்கு இயல்பாகவே இணக்கமானது. நூற்றாண்டுக்கு மேல் பழகிய தோட்டா இது. ஆகவே தரமான தோட்டாவை இந்த அளவில் ஒரு பிஸ்டல் ஏற்ற மறுக்கிறது என்றால், காரணம் எங்கோ ஓரிடத்தில் திட்டமாக இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

அன்று மாலை குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதில் மூன்று ஒரு வகை: தோட்டா ஏறத்தாழ முழுவதும் சேம்பருக்குள் போய்விட்டது, ஆனால் ஸ்லைடு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மூடாமல் நின்றது. மூன்றும் முதல் 30 தோட்டாக்களுக்குள் நடந்தவை, இரண்டு மேகசின்களிலும் நடந்தவை. மீதி ஆறும் வேறு வகை: தோட்டாவின் மூக்கு மேலே ஏறாமல், சரிவின் அடிப்பகுதியில் நேராகப் போய் முட்டி நின்றது. அந்த ஆறும் இரண்டாம் எண் மேகசினில் நடந்தவை.

முதல் வகையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பும் கெட்டிப் பசையை நான் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுச் சுடப் போயிருந்தேன். குழலைக் கழற்றிச் சேம்பருக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் திருப்பியபோது அது பழுப்பாக, பிசுபிசுப்பாக வெளியே வந்தது. நான்காவது துணிதான் வெண்மையாக வந்தது. சேம்பர் சுவருக்கும் தோட்டாவுக்கும் இடையே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அந்தப் பசை நின்றால், கடைசி இரண்டு மில்லிமீட்டரைக் கடக்க ஸ்லைடுக்கு வேகம் போதாது. சேம்பரையும் மேகசின்களின் உட்புறத்தையும் முற்றிலும் உலரத் துடைத்தேன். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு சொட்டும், குழலின் வெளிப்புறத்தில் உரசல் தெரியும் இடங்களில் மெல்லிய பூச்சாகவும் எண்ணெய் விட்டேன். சேம்பருக்குள்ளும் மேகசினுக்குள்ளும் எண்ணெய் விடக் கூடாது. அங்கே எண்ணெய் கரியையும் தூசியையும் சேர்த்துப் பசையாக்கும், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டாவையே கெடுக்கும். மூடாமல் நின்ற ஸ்லைடை உள்ளங்கையால் அடித்து மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் மூடவில்லை என்று தெரியாத நிலையில் அதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மேகசினை எடுத்து, தோட்டாவை வெளியேற்றி, அதன் கூட்டில் கீறலோ நசுங்கலோ உண்டா என்று பார்க்கும் சில நொடிகளில் எந்த நஷ்டமும் இல்லை.

சேம்பரின் அளவையே சந்தேகிக்கிறவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு, நானும் செய்தேன். கழற்றிய குழலைச் சேம்பர் மேலே இருக்கும்படி பிடித்து அதற்குள் தோட்டாவை விட வேண்டும். அது 'டங்' என்ற சத்தத்தோடு விழுந்து, விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்றி, குழலைக் கவிழ்த்தால் தானாகவே வெளியே விழ வேண்டும். நான் வாங்கிய பெட்டியிலிருந்து பத்துத் தோட்டாக்களை இப்படிப் போட்டுப் பார்த்தேன்; பத்தும் சரியாக விழுந்தன. இந்த வகைத் தோட்டாவின் உச்ச நீளம் 29.69 மி.மீ.; வெர்னியர் காலிப்பரில் அளந்தபோது அவை 29.4 மி.மீ. அளவில் இருந்தன. எனவே தோட்டாவும் சேம்பரும் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகின.

இரண்டாம் நாள் இன்னொரு 100 தோட்டாக்கள். மூடாமல் நிற்கும் கோளாறு ஒரு முறைகூட வரவில்லை. முதல் எண் மேகசின் 50 தோட்டாக்களையும் நிறுத்தமின்றி ஏற்றியது. இரண்டாம் எண் மேகசின் மட்டும் ஐந்து முறை, முன்பு போலவே, மூக்கைக் கீழே குத்தி நின்றது. இரண்டு நாள்களின் குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அந்த வரிசை என் கண்ணில் பட்டது. மேகசினில் பத்துப் பத்தாக நிரப்பிச் சுட்டிருந்தேன். பதினொரு தடைகளில் பத்து, உள்ளே நான்கு அல்லது மூன்று தோட்டாக்கள் மீதமிருந்தபோது நடந்தவை. ஒன்று மட்டும் இரண்டு மீதமிருந்தபோது. நிரம்பிய நிலையில் ஒன்றுகூட இல்லை. அதாவது தோட்டாக்களைத் தூக்கிவரும் ஃபாலோயர் என்னும் தட்டு ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போதுதான் கோளாறு எழுகிறது.

வீட்டுக்கு வந்து, வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டு இரண்டு மேகசின்களிலும் நான்கு நான்கு நிரப்பி, மேசை மேல் அருகருகே நிறுத்தி, கண்ணை அவற்றின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தேன். முதல் எண்ணில் மேல் தோட்டாவின் மூக்கு சற்று நிமிர்ந்து, ஏறுவதற்குத் தயாராக நின்றது. இரண்டாம் எண்ணில் அதே தோட்டா தலை குனிந்து நின்றது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் இருக்கும்; ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு அது மட்டுமே தெரியும். எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, பென்சிலால் ஃபாலோயரை அழுத்தி மெல்ல விட்டேன். மேலே வரும் வழியில் அதன் பின்பகுதி முந்திக்கொண்டது. முன்பகுதி ஓரிடத்தில் தயங்கி, பின் துள்ளி வந்தது. மேகசினைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தபோது, முன்சுவரின் உட்புறத்தில் கடுகில் பாதி அளவுக்கு உலோகம் புடைத்திருந்தது. ஃபாலோயரின் முன்விளிம்பில், அந்தப் புடைப்புக்கு நேராக, புதிதாக ஒரு கீறல் பளபளத்தது.

இதோடு திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் தோட்டா தலை குனியும், ஃபாலோயர் கோணலாக வார்க்கப்பட்டிருந்தாலும் குனியும். ஆகவே மூன்றாம் நாள் இரண்டு மேகசின்களின் உள்பாகங்களையும் மாற்றிப் போட்டேன். முதல் எண்ணின் ஸ்பிரிங்கும் ஃபாலோயரும் இரண்டாம் எண் மேகசினின் வெளி உறைக்குள் போனபோது, 30 தோட்டாக்களில் மூன்று தடைகள். இரண்டாம் எண்ணின் ஸ்பிரிங்கும் ஃபாலோயரும் முதல் எண் உறைக்குள் போனபோது, 30 தோட்டாக்களில் ஒன்றுகூட இல்லை. கோளாறு உறையோடு தங்கிவிட்டது, உள்பாகங்களோடு பயணம் செய்யவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். தோட்டாவையும் மேகசினையும் எண்ணெயையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, பிஸ்டல் சரியாகிவிட்டது என்று மகிழ்கிறவருக்கு எது சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

இனி வாடிக்கையாளர் சேவை. என் முதல் கடிதத்துக்கு வந்த பதில் எனக்கு வருத்தம் தந்தது. எந்தத் தோட்டா பயன்படுத்தினீர்கள் என்று கேட்டுவிட்டு, புதிய பிஸ்டல் பழகுவதற்கு 300 தோட்டாக்கள் ஆகும், சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று முடித்துவிட்டார்கள். பழகும் காலம் என்பது பொய்யல்ல. புதிய ரீகாயில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், உரசும் பரப்புகள் ஒன்றுக்கொன்று இழைந்துகொள்ளச் சிறிது காலம் வேண்டும். என் முதல் மூன்று தடைகளில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பழகாததால் வரும் தடை சிதறி வரும், நாளாக நாளாகக் குறையும். ஒரே மேகசினில், ஒரே உயரத்தில், ஒரே தோற்றத்தில் திரும்பத் திரும்ப வருவது ஒரு பாகத்தின் குறை. அதை 300 தோட்டாக்களோ 3,000 தோட்டாக்களோ தீர்க்காது. 1911-இல் அமெரிக்க ராணுவம் நடத்திய தேர்வில் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் பிஸ்டல் 6,000 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டதாகப் பதிவு இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பே எட்டப்பட்ட தரம் அது. இன்று ஒரு வாடிக்கையாளர் தடையைப் பற்றி எழுதினால், முதல் பதிலாக 'இன்னும் சுடுங்கள்' என்பது வரக் கூடாது.

இரண்டாம் கடிதத்தோடு குறிப்புகளின் நகலையும், புடைப்பின் படத்தையும், பாகங்களை மாற்றிப் பார்த்த முடிவையும் அனுப்பினேன். இம்முறை பதில் மறுநாளே வந்தது. பழைய மேகசினைத் திருப்பி அனுப்பச் சொல்லி, 12 நாள்களில் கட்டணமின்றிப் புதியதை அனுப்பினார்கள். கடிதத்தின் தொனியும் மாறியிருந்தது. மேகசின் உறையின் தொகுதி எண்ணைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். அந்தத் தொகுதியின் மற்ற மேகசின்களைச் சோதித்தால் என் போன்ற பலருக்கு நல்லது நடக்கும். புதிதாக வந்த மேகசினுக்கு மூன்றாம் எண் இட்டு 120 தோட்டாக்கள் சுட்டேன், ஒன்றுகூட முட்டவில்லை.

இடையில் இன்னொன்றையும் கவனித்தேன். இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மூக்கு முட்டி நின்ற தோட்டாக்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது, குண்டின் முனையில் பிறை வடிவில் ஒரு தட்டை விழுந்திருந்தது. அளந்தால் 29.0 மி.மீ. மற்றவற்றைவிட 0.4 மி.மீ. குட்டை. முட்டிய வேகத்தில் குண்டு கூட்டுக்குள் அமிழ்ந்துவிட்டது. குண்டு உள்ளே இறங்கினால் வெடிமருந்துக்கான இடம் குறுகி, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஆகவே ஒரு முறை முட்டி நின்ற தோட்டாவை மறுபடி மேகசினில் போடக் கூடாது. தனியே எடுத்துவைத்துப் பயிற்சித் தளத்தின் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதேபோல், வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெல்லியதாகக் கேட்டு, அதன்பின் தோட்டா ஏறாமல் நின்றால், அதை ஏற்றும் கோளாறு என்று எண்ணி இழுத்துவிட்டு மறுபடி சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். பிஸ்டலைக் காலி செய்து குழலைக் கழற்றிப் பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

எல்லாத் தடைகளும் பிஸ்டலுடையவை அல்ல. ஒரு நாள் என் தங்கை முதன்முறையாக 20 தோட்டாக்கள் சுட்டாள். இரண்டு முறை காலிக் கூடு வெளியே விழாமல், ஸ்லைடின் வாயில் புகைபோக்கி போல் செங்குத்தாக நின்றுவிட்டது. "அண்ணா, நான் எதையாவது உடைச்சிட்டேனா?" என்று கேட்டாள். அவள் எதையும் உடைக்கவில்லை. மணிக்கட்டைத் தளர விட்டிருந்தாள். ஸ்லைடு முழு வேகத்தில் பின்னே ஓட, சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். கையும் சேர்ந்து பின்னே சாய்ந்தால் ஸ்லைடின் ஓட்டம் குறைந்துவிடும். எடை குறைந்த பாலிமர் பிஸ்டல்களில் இது அதிகம் தெரியும். மணிக்கட்டை இறுக்கி, இடது கையையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். அதன் பிறகு ஒரு தடையும் வரவில்லை. கோளாறு தொடர்ந்தால், அனுபவமுள்ள வேறொருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்வதை முதல் வேலையாகச் செய்யலாம். செலவில்லாத சோதனை அது.

எக்ஸ்ட்ராக்டரையும் சோதித்தேன். ஸ்லைடைத் தனியே கழற்றி, போலித் தோட்டாவின் விளிம்பைக் கொக்கியின் அடியில் கீழிருந்து செருகி, மெல்ல ஆட்டினேன். உதறாமல் பிடித்துக்கொண்டது, விரலால் செருகவும் முடிந்தது. கொக்கி அளவுக்கு மீறி இறுகியிருந்தால் தோட்டாவின் விளிம்பு அதன் அடியில் ஏற முடியாமல் ஸ்லைடு பாதியில் நிற்கும். தளர்ந்திருந்தால் காலிக் கூட்டைச் சேம்பரிலேயே விட்டுவிட்டு வரும், பின்னால் வரும் தோட்டா அதன் மேல் மோதும். இந்தப் பிஸ்டலில் அந்தக் குறை இல்லை.

ஃபீட் ரேம்ப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். தோட்டா ஏறவில்லை என்றதும் சிறு மின் சாணையை எடுத்து அந்தச் சரிவைத் தேய்க்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். எனக்கும் இரண்டு பேர் சொன்னார்கள். தேய்த்திருந்தால் என் மேகசினின் புடைப்பு அப்படியே இருந்திருக்கும், குழல் மட்டும் கெட்டிருக்கும். சரிவின் கோணம் மாறினாலோ, அதன் மேல் விளிம்பு சேம்பர் பக்கம் தேய்ந்துபோனாலோ, கூட்டின் அடிப்பகுதியைத் தாங்கும் உலோகம் குறைந்து கூடு வெடிக்கும் அபாயம் உண்டு. துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதற்கு மேல் அந்த இடத்தில் நமக்கு வேலையில்லை. மேகசின் உதடுகளைக் குறடால் வளைப்பதும் இதே ரகம்தான்.

மீதமிருக்கும் ஒரே குறை, முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாக்களைப் பற்றியது. இரண்டு வகைகளில் 50, 50 சுட்டேன், இரண்டையும் முதல் எண் மேகசினில் வைத்தே. உருண்டை வளைவோடு அமைந்த முதல் வகை 50-உம் தடையின்றி ஏறியது. அகன்ற வாயும் 27.2 மி.மீ. நீளமும் கொண்ட இரண்டாம் வகையில் இரண்டு தோட்டாக்கள், வாயின் விளிம்பு சரிவின் அடியில் சிக்கி நின்றன. மேகசினில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது: குட்டையான தோட்டாவின் முன்னால் இடைவெளி அதிகம், சரிவைத் தொடுவதற்குள் மூக்கு தாழ்ந்துவிடுகிறது. பிஸ்டலோடு வந்த கையேட்டில் தடைகளுக்கென்று ஒதுக்கியிருப்பது அரைப் பக்கம். அதில் 'தரமான தோட்டாக்களைப் பயன்படுத்தவும்' என்ற ஒரு வரி இருக்கிறதே தவிர, எந்த நீளத்துக்கும் எந்த முனை வடிவத்துக்கும் சரிவு அமைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் இல்லை.

மொத்தம் 600 தோட்டாக்கள் முடிந்திருக்கின்றன. கடைசி 240-இல் என் தங்கையின் இரண்டைத் தவிர வேறு தடை இல்லை. உருண்டை முனைத் தோட்டாக்களைக் கொண்டு இலக்குப் பயிற்சி செய்கிறவருக்கு இந்தப் பிஸ்டலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கியவுடன் மேகசின்களைப் பிரித்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிடச் சொல்வேன். அகன்ற வாய்த் தோட்டா வேண்டும் என்கிறவர், தாம் பயன்படுத்தப்போகும் அதே வகையில் குறைந்தது 50 சுட்டுப் பார்க்காமல் இதை வாங்க வேண்டாம்.